இரண்டாவது ஆள்

மெய்ரன், ஜெனீவா

ஜெனீவாவின் 18-ஆம் எண் டிராம் கடைசியாகப் போய் நிற்கும் நிறுத்தத்தின் பெயரே செர்ன்; அங்கே இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் பெயர் அது. இறங்கினால் எதிரில் 27 மீட்டர் உயரத்தில் மரத்தாலான உருண்டை மண்டபம் ஒன்று. அதற்குப் பின்னால் ஜூரா மலைத்தொடர், பனி மூடி நிற்கிறது. ஜனவரிக் கடைசி. காஞ்சிபுரத்தில் இந்நேரம் அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்துகொண்டிருக்கும். இங்கே மூச்சு விட்டால் புகை வருகிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் இயற்பியல் பார்க்க வருகிறார்கள். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் துகள்களை மோதவிடும் வளையம் இருக்கும்போது வேறு எதைப் பார்ப்பார்கள்? நான் பார்க்க வந்தது ஒரு தாழ்வாரத்தை. வலைதளம் கட்டுவது என் பிழைப்பு. பகலில் நிறுவன வேலை. இரவுகளிலும் ஞாயிறுகளிலும் ஒரு சைடு ப்ராஜெக்ட். பள்ளி ஆசிரியர்கள் சொற்களையும் குறிப்புகளையும் கொடுத்தால் தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிராகக் கட்டம் போட்டுத் தரும் தளம். அதைப் பற்றிப் பேசத்தான் புரூசெல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் வலை பிறந்த இடத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

திருச்சியைச் சேர்ந்த ஓர் ஆய்வு மாணவி, என் தம்பியோடு கல்லூரியில் படித்தவர், உள்ளே அழைத்துப் போனார். “வாங்கண்ணா, இந்த ஸ்வெட்டரெல்லாம் இங்க போதாது” என்று கையோடு ஒரு கம்பளித் துண்டும் கொண்டுவந்திருந்தார்.

அந்தத் தாழ்வாரம் நம் பொதுப்பணித் துறை அலுவலகத் தாழ்வாரம் போலத்தான் இருக்கிறது. வரிசையாகக் கதவுகள், குழல் விளக்கு, தேய்ந்த தரை. சுவரில் ஒரு சிறு பலகை: வலையின் அடிப்படை நுட்பங்கள் இந்த அறைகளில்தான் உருவாயின என்கிறது. யாரோ கோப்பையில் காபியோடு எங்களைக் கடந்து போனார். நான் அந்தப் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

வலை என்பது செர்னின் அதிகாரபூர்வத் திட்டமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு முன்மொழிவு எழுதினார். அவருடைய மேலதிகாரி மைக் செண்டால் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. 1990-இல் புதிதாக ஒரு நெக்ஸ்ட் கணினி வாங்க அனுமதித்து, அதைச் சோதித்துப் பார்க்கும் சாக்கில் இந்த யோசனையையும் செய்து பார்க்க இடம் கொடுத்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் முதல் உலாவியும் முதல் சர்வரும் ஓடிவிட்டன. மேலதிகாரியின் கண்ணசைவில் நடந்த சைடு ப்ராஜெக்ட் அது.

ஆனால் அந்த உலாவி நெக்ஸ்ட் கணினியில் மட்டும்தான் ஓடும். நெக்ஸ்ட் வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். பயிற்சிக்கு வந்திருந்த கணித மாணவி நிக்கோலா பெல்லோ, எந்தச் சாதாரண முனையத்திலும் வெறும் எழுத்தாக வலையைக் காட்டும் உலாவியை எழுதினார். வலை ஓர் அறையை விட்டு வெளியே வந்தது அந்த மாணவியின் கையால். பெல்ஜியத்துக்காரர் ராபர்ட் கையோ முன்மொழிவைச் சேர்ந்து திருத்தி எழுதினார், பணத்துக்கும் ஆளுக்கும் கதவு கதவாகத் தட்டினார், 1994 மே மாதம் செர்னிலேயே முதல் உலகளாவிய வலை மாநாட்டைக் கூட்டினார். ஏறத்தாழ 380 பேர் வந்தார்கள். பெர்னர்ஸ்-லீயின் பெயரை எல்லோரும் சொல்கிறோம். ஒரு சைடு ப்ராஜெக்டை வைத்திருக்கும் எவனும் இன்னும் அக்கறையோடு படிக்க வேண்டியது கையோவையும் பெல்லோவையும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது ஆள் வரும்வரை எந்த நல்ல யோசனையும் ஒருவருடைய பொழுதுபோக்குத்தான்.

இதே இடத்துக்கு 2013-இலும் 2019-இலும் வெளியிலிருந்து வலை வடிவமைப்பாளர்களும் நிரலாளர்களும் வந்து சில நாள் உட்கார்ந்து, முதலில் பெல்லோவின் எழுத்து உலாவியையும் பிறகு பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவியையும் இன்றைய உலாவிக்குள் ஓடும்படி மீட்டெடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ரெமி ஷார்ப். கோப்பைச் சேமித்ததும் சர்வரைத் தானாக மறுபடி ஓட்டும் நோட்மான் என்ற சிறு கருவி அவருடையது. சென்னையில் நோட் ஜேஎஸ் கற்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதை நிறுவிவிடுகிறார்கள்; எழுதியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. பிரைட்டனில் ஆண்டுதோறும் ஒரு வலை மாநாட்டையும் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து நடத்திவந்தார்கள். கருவி செய்கிறவர்களே கூட்டமும் கூட்டுகிறார்கள் என்பதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

வெளியே வரும்போது அந்த மாணவி, 2004-இல் இந்திய அரசு கொடுத்த நடராசர் சிலையிடம் கூட்டிப் போனார். இரண்டு மீட்டர் உயரச் சோழ வடிவம், பின்னால் பனி. “லேப்ல யாராவது புதுசா சேர்ந்தா இங்க கூட்டிட்டு வந்து சிதம்பரம் கதை சொல்லிடுவேன்ணா” என்றார்.

பக்கீ

ஜெனீவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பக்கீ என்றொரு பகுதி. எத்தியோப்பியா, லெபனான், வியட்நாம் என்று அடுத்தடுத்து உணவுக் கடைகள். அவற்றுக்கு நடுவே ஓர் ஈழத்தமிழர் கடை: முன்பாதியில் முருங்கைக்காயும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும், பின்பாதியில் நாலு மேசை.

“தம்பி இந்தியாவோ? சோறு இருக்கு, புட்டும் இருக்கு. என்ன எடுக்கிறியள்?”

புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் எடுத்தேன். தேங்காய்ப் பாலில் வெந்தயம் வெடித்த வாசம். குளிரில் நடந்து வந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! கடைக்கார அக்கா வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் என் தளத்தைத் திறந்து காட்டினேன். பூ, பழம், கிழமை என்று பத்துச் சொல் கொடுத்தார். கட்டம் வந்தது. கடையின் ரசீது இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அச்சுப்பொறியிலேயே எடுத்துப் பார்த்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பேனாவால் கட்டத்துக்குள் ‘ஞா’ என்று எழுதினார். துணைக்கால் வெளியே போய்விட்டது. “வடிவா இருக்கு தம்பி. ஆனா கட்டம் சின்னன். ஏழு வயசுப் பிள்ளையள் இதுக்குள்ள எழுத ஏலாது. அதுகள் பிரெஞ்சு எழுதுற கை. தமிழுக்கு இடம் கூட வேணும்.”

திரையில் மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தது அந்தத் தளம். காகிதத்தில் பென்சிலோடு உட்காரும் குழந்தை என் கணக்கிலேயே இல்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். புட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். நான் கட்டாயப்படுத்தியதும் பாதி வாங்கிக்கொண்டார்.

புரூசெல்ஸ், வெள்ளிக்கிழமை

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பர்கண்டியின் மொட்டை வயல்கள், பாரிஸில் நிலையம் மாறும் ஓட்டம். பிறகு ஒரே தட்டையான நிலம், சாம்பல் நிற வானம். புரூசெல்ஸில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்த நாட்களில் அது நிற்கவே இல்லை.

மாநாட்டுக்கு முந்தின இரவு, பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகிலுள்ள டெலிரியம் மதுக்கடைச் சந்து முழுக்க மாநாட்டுக்காரர்கள். குடிக்காதவர்களும் நிற்கிறார்கள், பேசத்தான். நான் உருளைக்கிழங்கு வறுவல் தேடிப் போனேன். பெல்ஜியத்தில் இரண்டு முறை பொரிப்பார்கள்: முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேக, ஆறவைத்துப் பிறகு கடும் சூட்டில் மேலே மொறுமொறுக்க. மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது அவர்கள் மரபு; சைவக்காரர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மூன்றாவது கடையில் தாவர எண்ணெய் என்றார்கள். காகிதக் கூம்பில், குத்திச் சாப்பிடச் சிறு மரமுள்ளோடு, மேலே மயோனைஸ் வழிய. மழைக்கு ஒதுங்கிய கூரையின் கீழ் பக்கத்தில் நின்றவர் பின்லாந்துக்காரர், நகரப் பேருந்து நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றைத் தன் ஓய்வு நேரத்தில் பராமரிப்பவர். வறுவல் முடிவதற்குள் இருவரும் எங்கள் எழுதாத ஆவணங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசியிருந்தோம்.

சோல்போஷ் வளாகம்

71-ஆம் எண் பேருந்தில் சனிக்கிழமை காலை நிற்க இடமில்லை. முதுகுப்பை இல்லாத ஆள் இல்லை. பைகளில் ஒட்டுவில்லை இல்லாத இடமில்லை. பல்கலைக்கழக வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்க, ஓட்டுநர் பெருமூச்சு விட்டார்.

ஃபாஸ்டெமுக்குப் பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, கழுத்தில் அட்டை கிடையாது. 2000-இல் ரஃபயேல் போதுவன் என்ற இளைஞர் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் நான் போனபோது 25 வயதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கட்டற்ற மென்பொருள் செய்கிறவர்கள் எட்டாயிரம் பேருக்கும் மேல் இரண்டு நாள் அந்த வளாகத்துக்குள் திரிகிறார்கள். ஜான்சன் அரங்கில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் உட்காரலாம். மற்றவை சாதாரண வகுப்பறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு பொருளுக்கு, அந்தப் பொருளில் வேலை செய்கிறவர்களே நிகழ்ச்சியை அமைக்கிறார்கள். அறை நிரம்பிவிட்டால் கதவில் ‘நிரம்பியது’ என்று தாளை ஒட்டிவிட்டு ஒரு தன்னார்வலர் குறுக்கே நின்றுகொள்கிறார். எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே.

நம் ஊர் மாநாடுகளை நினைத்துக்கொண்டேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. வந்தவரை மதிக்கும் அந்தப் பழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கல்லூரி முதல்வருக்குப் பொன்னாடை போர்த்தியதால் அடுத்த ஆண்டும் அரங்கம் இலவசமாகக் கிடைத்ததை நேரில் கண்டவன் நான். மதியச் சாப்பாட்டில் நாம் அவர்களைவிட எவ்வளவோ மேல்: நம்மிடம் வந்தவன் தயிர்சாதம் சாப்பிடாமல் போக முடியாது, இங்கே மழையில் வரிசையில் நின்று சாண்ட்விச் வாங்க வேண்டும். ஆனால் மணி பத்தானால் பேச்சு தொடங்கிவிடுகிறது, மேடையில் ஒருவரே நிற்கிறார், கேள்வி கேட்க ஒரு மாணவனுக்கும் தயக்கமில்லை. ஐஐடி மெட்ராஸில் சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதம்தோறும் கூடிய கூட்டங்களில் இந்த எளிமை இருந்தது. 1998-இல் தொடங்கிய குழு அது. என்னைப் போன்ற பலர் முதன்முதலாக ஓர் அறையின் முன்னால் நின்று பேசியது அங்கேதான்.

அறைக்கு அறை ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பேசுபவரின் மடிக்கணினித் திரையையும் கேமராவையும் வாங்கி நேரடியாக ஒளிபரப்பிப் பதிவும் செய்யும் பெட்டி, அவர்களே கட்டியது. பேச்சு முடிந்ததும் பேசியவருக்கே ஒரு மின்னஞ்சல் வரும்: தொடக்கம் சரியா, முடிவு சரியா, ஒலி கேட்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். சரி என்றால் காணொளி வெளியாகிவிடும். இதை நடத்தும் எஸ்ரெவ்யூ என்ற மென்பொருளை எழுதியவர் பெல்ஜியத்தின் வூட்டர் வெர்ஹெல்ஸ்ட், டெபியன் நிரலாளர். நூற்றுக்கணக்கான பேச்சுகளைத் திருத்தும் வேலையைப் பேசியவர்களுக்கே பகிர்ந்து கொடுத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் கூட்டங்களின் காணொளிகள் யாரோ ஒருவரின் வன்தட்டில் ஆண்டுக்கணக்கில் தூங்குவதற்கு இது நல்ல மருந்து.

கட்டமும் எழுத்தும்

என் முறை ஞாயிறு காலை, மேல்மாடியில் ஒரு சிறிய அறையில். கரும்பலகை இருந்ததால் திரையை விட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன். ‘ஸ்ரீரங்கம்’ என்று எழுதினேன். இதற்கு எத்தனை கட்டம் வேண்டும்?

ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 10 என்கிறது. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. மொழியறிந்து எழுத்தைப் பிரிக்கும் செக்மெண்டர் வசதி 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸுக்கும் வந்துவிட்டதால் இப்போது முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் உண்டு. அது 6 என்கிறது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளையைக் கேட்டால் 5. ‘ஸ்ரீ’யை ஒரே எழுத்தாகத்தானே எழுதுகிறோம்? ‘க்ஷ’வும் அப்படித்தான். போதாக்குறைக்கு ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம், கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. இந்த விதிவிலக்குகளைக் கையாள நான் எழுதிய நிரலைக் காட்டி, குறை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பேச்சு முடிந்து கதவருகே ஓர் அம்மா காத்திருந்தார். கென்ட் நகரத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டச்சு மொழிப் பள்ளிகளுக்காகப் புதிர் போடும் ஒரு சிறு மென்பொருளைத் தனியாளாகப் பல வருடமாகக் காத்துவருகிறார். கீழே வந்து வாஃபிள் வாங்கி மாடிப்படியில் உட்கார்ந்தோம். லியேஜ் வகை வாஃபிள்: மாவுக்குள் சர்க்கரைக் கட்டி உருகி ஓரத்தில் கருகிப் பாகாகியிருக்கும். விரலெல்லாம் பிசுபிசுக்க, வாஃபிள் சுற்றிவந்த தாளின் பின்பக்கத்தில் அவர் கட்டம் போட்டார். டச்சில் ஐயும் ஜேயும் சேர்ந்து வந்தால் ஒரே ஒலி, குறுக்கெழுத்தில் ஒரே கட்டம். அவரும் அதற்கு ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருந்தார். மேல்படியில் இருந்த வெல்ஷ் இளைஞர் ஒருவர் தலையை நீட்டினார்: அவர்கள் மொழியில் எல் இரட்டித்தால் ஒரே எழுத்து, டி இரட்டித்தால் ஒரே எழுத்து, குறுக்கெழுத்தில் எல்லாமே ஒவ்வொரு கட்டம்.

மூன்று மொழி, ஒரே கேள்வி. ஒரு கட்டத்துக்குள் எது போகும் என்பதை நிரலுக்குள் புதைக்காமல், மொழிக்கு ஒரு பட்டியலாக வெளியே எடுத்து வைத்தால்? தமிழுக்கு இரண்டு வரி, டச்சுக்கு ஒரு வரி, வெல்ஷுக்கு எட்டு. புதிர் அடுக்கும் நிரல் எல்லோருக்கும் ஒன்றே. அந்த அம்மாவின் அடுக்கும் முறை என்னுடையதைவிட எவ்வளவோ வேகமானது. என் அச்சு வடிவம் அவருக்குப் பிடித்துப்போனது. மதியப் பேச்சுகளை மூவரும் விட்டுவிட்டோம். மாநாடு எதற்காக என்று யாராவது கேட்டால் நான் அந்தப் படிக்கட்டைத்தான் சொல்வேன்.

மாலை நிறைவு நிகழ்ச்சிக்குப் பிறகு ஒழுங்குபடுத்த ஆள் கேட்டார்கள், போனேன். முகமெல்லாம் நரைத்தாடியாக ஒரு தன்னார்வலர் எனக்குக் கம்பி சுருட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, மாற்றி மாற்றி. அப்படிச் சுருட்டினால் கம்பிக்குள் முறுக்கு ஏறாது, அடுத்த ஆண்டு வீசி எறிந்தால் சிக்கலில்லாமல் விரியும். முழங்கையில் சுற்றிப் பழகிய கைக்கு அது வசப்படக் கொஞ்ச நேரமானது. திங்கட்கிழமை காலை அந்த வகுப்பறைகளில் மாணவர்கள் வந்து உட்காருவார்கள் என்பதால் நாற்காலிகூட இடம் மாறக் கூடாது என்றார்.

மோன்ஸ்

கென்ட் அம்மா, “திரும்பும் முன் மோன்ஸ் போய்விட்டுப் போங்கள்” என்று சொல்லியிருந்தார். புதன்கிழமை பிற்பகல் போனேன். மேடான சிறு நகரம். நகராட்சி மண்டபத்தின் சுவரோரம் இரும்புக் குரங்குப் பொம்மை ஒன்று, இடக்கையால் தலையைத் தடவினால் நல்லது நடக்கும் என்று தடவித் தடவித் தலை பளபளக்கிறது. நானும் தடவிவிட்டு முண்டானியம் என்ற அருங்காட்சியகத்துக்கு நடந்தேன்.

உள்ளே மூன்று தளம் உயரத்துக்கு மர இழுப்பறைகள். 1895-இல் போல் ஒட்லே, ஆன்ரி லா ஃபோன்தேன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் உலகில் அச்சான ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை என்று தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேல் அட்டைகள் சேர்ந்தன. கேள்வியைத் தபாலில் அனுப்பினால் தொடர்புள்ள அட்டைகளைப் பிரதி எடுத்து அனுப்புவார்கள். கம்பியும் திரையும் வருமுன் அவர்கள் கட்ட முயன்ற வலை அது. லா ஃபோன்தேனுக்கு 1913-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அட்டை எழுதிய கைகளில் அவர் சகோதரி லெயோனியின் கையும் உண்டு. ஓர் இழுப்பறையை இழுக்கவிட்டார்கள். கையெழுத்தில் சில, தட்டச்சில் சில. நடுவில் துளையிட்டுக் கம்பியில் கோத்தவை. ஓரங்கள் விரல் பட்டுப் பழுப்பேறியிருந்தன.

வழிகாட்டி இளைஞர் நூலகவியல் படித்தவர். நான் எந்த ஊர் என்று கேட்டறிந்ததும், “ரங்கநாதன்!” என்றார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். ஒட்லேயும் லா ஃபோன்தேனும் நிறுவிய அமைப்பின் வழிவந்த பன்னாட்டு ஆவணக் கூட்டமைப்பில் பகுப்புமுறை ஆய்வுக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர். மோன்ஸில் ஓர் இளைஞர் அந்தப் பெயரை இவ்வளவு மரியாதையோடு சொல்லக் கேட்டபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

1934-இல் அரசு ஆதரவை நிறுத்தி, அட்டைகள் இருந்த கூடத்தை மூடியது. 1940-இல் ஜெர்மானியப் படை வந்தபோது கண்காட்சிக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்தவற்றை அப்புறப்படுத்தினார்கள்; பல அழிந்தன. ஒட்லே 1944-இல் இறந்தார். மிச்சமிருந்ததை ஒரு சிறு கூட்டம் இடம் மாற்றி இடம் மாற்றிக் காத்தது. 1998-இல்தான் மோன்ஸில் இந்த அருங்காட்சியகம் திறந்தது. பணம் இருந்தபோது அரசு காத்ததைவிட, பணமில்லாதபோது அந்தச் சிலர் காத்ததுதான் இன்று நாம் பார்ப்பது.

புரூசெல்ஸுக்குத் திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன். என் தளத்தின் சர்வர் கடவுச்சொல்லும் முகவரிப் பதிவும் என் ஒருவனிடம்தான் இருந்தன. நாளை எனக்கு ஏதாவது ஆனால் அந்த ஆசிரியர்கள் சேமித்து வைத்த புதிர்கள் அடுத்த கட்டணத் தேதியோடு மறைந்துவிடும். விழுப்புரத்தில் ஞாயிறுதோறும் கட்டற்ற மென்பொருள் வகுப்பு நடத்தும் குழுவில் படித்த ஒரு மாணவி, என் நிரலில் ஏற்கெனவே பிழைகள் கண்டுபிடித்து அனுப்பியவள். அவளுக்கும் கென்ட் அம்மாவுக்கும் முழு உரிமை கொடுத்துக் கடிதம் எழுதினேன். பக்கீயில் அச்செடுத்த தாளைப் படம் பிடித்து அதோடு சேர்த்தேன்.

நான் சென்னையில் இறங்குவதற்குள் விழுப்புரத்திலிருந்து பதில் வந்திருந்தது: “அண்ணா, வயசுக்கு ஏத்த மாதிரி கட்ட அளவு வெச்சிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க.” கென்ட் அம்மா அதற்குக் கீழே இரண்டு திருத்தம் சொல்லியிருந்தார். அவள் ஒன்றை ஏற்றுக்கொண்டு, மற்றதற்கு ஏன் கூடாது என்று காரணம் எழுதியிருந்தாள்.